பெத்தோவின் பத்துப் புள்ளி ஒன்பது

நீல்சா மால்தொனாதோ எதையும் ஒரு தடவை அளந்துவிட்டு நம்புகிறவள் அல்ல. போர்ட்டோ ரிக்கோவின் தென்கரையில் ஒரு மணல் குவாரியின் எடைமேடை அவள் பொறுப்பில் இருந்தது. படிப்பு ஒன்பதாம் வகுப்போடு நின்றுவிட்டது. லாரி ஏறுமுன் மேடை வெறுமையாக இருக்கிறதா, எடைகாட்டி பூஜ்ஜியத்தில் நிற்கிறதா என்று பார்ப்பாள். ஓரத்தில் ஈரமணல் ஒட்டியிருந்தால் இறங்கிப் பெருக்கிவிட்டுத்தான் லாரியைக் கூப்பிடுவாள். "சீக்கிரம் தாயி, மணலுக்கு வயசாகுது" என்று ஓட்டுநர்கள் சலித்துக்கொள்வார்கள். அவள் பெருக்கி முடிக்கும் வரை நிமிர மாட்டாள்.

அவள் தம்பி நோர்பெர்டோ, ஊருக்கு பெத்தோ. அப்பா வேலை தேடி வடக்கே போனவர் திரும்பவில்லை. அம்மா பகலெல்லாம் ஓட்டல் சமையலில் கிடந்ததால் அவனைக் குளிப்பாட்டிப் பள்ளிக்கு அனுப்பியவள் நீல்சாதான். வளர்ந்து டயர் கடையில் சேர்ந்தான். பிறகு ஒரு பழைய கரோலா காரை வாங்கினான். இரண்டு வருடம் பாகம் பாகமாகச் சேர்த்து அதற்குப் புது எஞ்சின் பொருத்தினான். அந்தக் கரையில் வண்டி வைத்திருக்கும் ஆம்பிளையை யாரும் முதலில் பெயர் கேட்பதில்லை. "எத்தனை வருது?" என்றுதான் கேட்பார்கள். கால் மைல் ஓட எத்தனை விநாடி என்று அர்த்தம்.

அதை வீட்டிலேயே சொல்லும் மீட்டர் ஒன்றை பெத்தோ வாங்கி வந்தான். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரியது. வண்டி முன்னால் பாயும் உந்துதலை உணர்ந்து நேரத்தையும் குதிரைத்திறனையும் அதுவே கணக்குப் போடும். முன்கண்ணாடியில் ரப்பர் கிண்ணத்தால் ஒட்டிக்கொண்டு ஓட்டினான். ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு எண் வந்தது. அதில் நல்ல எண்ணை எடுத்துக்கொண்டு ஊரெல்லாம் சொன்னான்.

நீல்சாவுக்குப் பொறுக்கவில்லை. ரப்பர் கிண்ணம் ஆடுகிறது, ஆடுகிற காட்டியில் எந்த எடையும் நிற்காது என்றாள். இரும்புத் தகடு ஒன்றை வளைத்து மீட்டரை டேஷ்போர்டோடு திருகி இறுக்கினாள். கொத்தனாரிடம் ரசமட்டம் இரவல் வாங்கி அதன் மேல் வைத்துச் சமன் பார்த்தாள். அதுவும் பெத்தோ இருக்கையில் உட்கார்ந்திருக்கும்போதுதான்; அவன் ஏறினால் வண்டி ஒரு பக்கம் அமுங்கும் இல்லையா. பாதித் தொட்டி பெட்ரோலோடு வண்டியையும் அவனையும் குவாரி மேடையில் ஏற்றி, வந்த எடையை மீட்டரில் பதித்தாள். ஓட்டிப் பார்க்க அவள் தேர்ந்தெடுத்தது மூடிப்போன சர்க்கரை ஆலைக்குப் போகும் கரும்புச் சாலை. அது கடல் பக்கம் லேசாகச் சரியும். அதனால் கீழ்நோக்கி ஓட்டினால் மேல்நோக்கியும் ஓட்ட வேண்டும், இரண்டுக்கும் நடுவில் உள்ளதுதான் கணக்கு என்றாள்.

"அக்கா, இது வண்டியா இல்ல பூசைக்கு வச்ச சாமியா?" என்றான் பெத்தோ.

ஆனால் அந்த வாரம் பந்தயத் திடலில் ஓட்டத்தை அளக்கும் விளக்குக் கம்பங்கள் காட்டிய நேரமும் கரும்புச் சாலையில் மீட்டர் காட்டிய நேரமும் ஒன்றாகவே இருந்தன. பன்னிரண்டு புள்ளி ஆறு. நீல்சா அதைக் குவாரியில் எல்லா ஓட்டுநர்களிடமும் சொன்னாள். தன் தம்பியின் வண்டி வேகமானது என்பதைவிட, அவன் சொன்னால் அது உண்மையாக இருக்கும் என்பதில்தான் அவளுக்குப் பெருமை.

மழைக்காலம் வந்து திடலை மூடினார்கள். அப்போதுதான் பெத்தோவின் கூட்டாளி வீசோ ஒரு யோசனை சொன்னான். பின்பக்க ஸ்பிரிங்கை ஒரு சுற்று அறுத்துத் தளர்த்தினால் வண்டி பின்னால் உட்காரும், சக்கரம் சாலையைக் கவ்வும் என்றான். தளர்த்தினார்கள். மீட்டர் பன்னிரண்டு புள்ளி இரண்டு காட்டியது. இன்னும் தளர்த்தினார்கள், பதினொன்று எட்டு. இரண்டு பேரும் சாலை நடுவில் கட்டிப்பிடித்துக் குதித்தார்கள்.

நீல்சா ஓரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். வண்டி கிளம்பும்போது மூக்கு வானத்தைப் பார்த்து எழும்பியது, கடைசி வரை இறங்கவே இல்லை. அன்று மாலை வீட்டு முற்றத்தில் வண்டியை நிறுத்தி மீட்டரைப் போட்டாள். முன்பக்கத்துக்கு ஜாக்கி கொடுத்து மெல்ல உயர்த்தினாள். எஞ்சின் அணைந்திருந்தது, சக்கரம் அசையவில்லை. மீட்டரோ வேகம் ஏறுகிறது என்று எண்களை ஓட்டியது.

"பாத்தியா? நிக்கிற வண்டிய ஓடுதுங்குது. மூக்கத் தூக்கினா அந்தச் சாய்வையே வேகம்னு எடுத்துக்கிட்டு அது ஏமாந்துடுது. நீ வேகமாப் போகலடா, நிமிந்து போற."

பெத்தோ சிரித்தான். "என் வண்டி அப்படித்தான், நிக்கும்போதே ஓடும்."

"முன்சக்கரம் தரையில அழுந்தாம ஸ்டியரிங்க எதுக்குத் திருப்புவ? பழைய ஸ்பிரிங்க மாட்டு."

வீசோ அங்கேயே நின்றிருந்தான். அவன் எதிரில் அக்கா இப்படிச் சொன்னதுதான் தப்பாகப் போயிற்று. பெத்தோவின் முகம் சுருங்கியது. திங்கட்கிழமை மாற்றிவிடுகிறேன், அதற்கு முன் ஞாயிற்றுக்கிழமை ஒரே ஒரு ஓட்டம் என்றான். அவள் ஒத்துக்கொள்ளவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அவள் அம்மாவோடு கோயிலில் இருந்தபோது, அவர்கள் ஸ்பிரிங்கை இன்னொரு சுற்று அறுத்துவிட்டுக் கரும்புச் சாலைக்குப் போனார்கள். கடல் பக்கமாக, சரிவில். முக்கால் தூரத்துக்கு மேல் போனதும் ஒரு சின்ன மேடு. ஓரத்தில் நின்று பார்த்த வீசோ பிறகு சொன்னபடி, மேட்டைத் தாண்டிய வண்டியின் முன்சக்கரங்கள் சாலையில் திரும்ப உட்காரவே இல்லை. அது கால்வாய்ச் சுவரில் போய் மோதியது. பெத்தோ ஆஸ்பத்திரி போய்ச் சேரவில்லை.

செத்தவருக்கு ஒன்பது நாள் ஜெபமாலை சொல்வது வழக்கம். ஏழாம் நாள் துவரையும் சோறும் பரிமாறிக்கொண்டிருந்தபோது வீசோ வந்தான். கையில் மீட்டர். தகடோடு பிய்ந்து வந்திருந்தது. நான்கு திருகும் அப்படியே இறுகி இருந்தன. கடைசி ஓட்டத்தை அது நினைவில் வைத்திருக்கும். தன் வண்டியில் செருகிக் காட்டினான். பத்துப் புள்ளி ஒன்பது.

ஒரு கணம் நீல்சாவுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. அந்தக் கரையில் பத்தைத் தொட்டவர்கள் எத்தனை பேர். தம்பி தொட்டிருக்கிறான். மறுகணம் கணக்கு வந்துவிட்டது. வண்டி கால் மைல் முடிகிற கோட்டைத் தொடவேயில்லை. அதற்கு முன்பே தொட்டுவிட்டதாக மீட்டர் எழுதிவைத்திருக்கிறது. மூக்கு எழும்ப எழும்ப அது எண்ணைக் குறைத்துக்கொண்டே போயிருக்கிறது.

ஊர்ப் பையன்கள் எல்லோரும் பின்கண்ணாடியில் பெத்தோவின் நினைவாக ஸ்டிக்கர் ஒட்டப் போவதாக வீசோ சொன்னான். பெயர், பிறந்த நாள், போன நாள், கீழே அந்த எண். அம்மாவுக்கும் அது பிடித்திருந்தது. அவன் ஆசைப்பட்டது அது ஒன்றுதானே என்று அழுதாள்.

"போட வேணாம்" என்றாள் நீல்சா.

"செத்தவன்கிட்டப் போயி கணக்குப் பாக்காதீங்கக்கா."

"அதப் பாத்துட்டு இன்னொருத்தன் ஸ்பிரிங்க அறுப்பான் வீசோ. அந்த நம்பர் வர்ற வரைக்கும் அறுப்பான். எண்ணு போட்டே ஆகணும்னா பன்னெண்டு ஆறு போடு. அதுதான் அவன் ஓட்டுனது."

பன்னிரண்டு ஆறை யார் கண்ணாடியில் ஒட்டுவார்கள்? வீசோ தட்டைக் கீழே வைத்துவிட்டுப் போய்விட்டான். அம்மா இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. ஒன்பதாம் நாள் ஸ்டிக்கர் வந்தது. பெயரும் இரண்டு தேதிகளும் மட்டுமே இருந்தன. நீல்சா ஒன்றை வாங்கிக் குமிழி இல்லாமல் துணியால் நீவி நீவித் தன் வண்டியில் ஒட்டினாள்.

அதற்குப் பிறகு சிலர் மீட்டரைத் தூக்கிக்கொண்டு குவாரிக்கு வந்தார்கள். யாரையும் அவள் விரட்டவில்லை. திருகு, ரசமட்டம், எடை, இரண்டு திசை எல்லாம் சொல்வாள். முதலில் குனிந்து பின்பக்க ஸ்பிரிங்கைப் பார்ப்பாள். அறுத்திருந்தால் அதற்கு மேல் பேச மாட்டாள்.

கிறிஸ்துமஸுக்கு முன்பு ஒரு மத்தியானம், குவாயாமா சாலையில் சிவப்பு விளக்குக்கு நின்றாள். முன்னால் ஒரு வெள்ளைக் கரோலா. பின்கண்ணாடியில் பெத்தோவின் பெயர், இரண்டு தேதிகள், அவற்றுக்குக் கீழே தனியாக வெட்டி ஒட்டிய தங்க எழுத்தில் 10.9. வண்டியின் பின்பக்கம் சக்கரத்தின் மேல் உட்கார்ந்திருந்தது.

அவள் இறங்கிப் போய் ஜன்னலைத் தட்டினாள். பெத்தோ வயதுக்காரன், முகம் தெரியாதவன். தான் யார் என்று அவள் சொன்னதும் பாட்டை நிறுத்தித் தொப்பியைக் கழற்றினான்.

"அந்த எண்ணு பொய்யி தம்பி. பின்னால ஸ்பிரிங்க மாத்து."

அவன் மரியாதையாகவே கேட்டுக்கொண்டான். "கண்டிப்பாக்கா" என்றான். பிறகு அவளைச் சந்தோஷப்படுத்த நினைத்தவன் போல டேஷ்போர்டைக் காட்டினான். அங்கே ஒரு மீட்டர் இருந்தது. தகட்டில் திருகி, ஆடாமல், ரசமட்டம் வைத்தது போலச் சமமாக இருந்தது.

"உங்க முறைப்படிதான்க்கா மாட்டியிருக்கேன். பதினொண்ணு ஒண்ணு வருது. இன்னும் கொஞ்சம்தான்."

பச்சை விழுந்தது. பின்னால் நின்றவர்கள் ஹாரன் அடித்தார்கள். அவள் கையை எடுத்துக்கொண்டு ஓரம் ஒதுங்கினாள். வெள்ளை வண்டி பின்னால் அமுங்கி, மூக்கைத் தூக்கிக்கொண்டு கிளம்பியது.