காய்ச்சல் என்று நினைத்தோம்

சித்தப்பா அண்ணனுக்குப் போர்த்திய கம்பளி கறுப்பு, ஓரத்தில் சிவப்புக் கோடு. மொனராகலைக்குக் கட்டட வேலைக்குக் கிளம்பும்போது அதையும் பையில் திணித்ததைப் பார்த்து, "அந்த வெயில்ல கம்பளி விக்கப் போறீங்களா?" என்று கேலி செய்தேன். "காய்ச்ச வந்தா அங்க யாரு வந்து போத்துவா?" என்றார். பசறைக்கு மேலே, பனி விழும் தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசை வீட்டில் பிறந்து வளர்ந்த மனிதர் வேறு எப்படி யோசிப்பார்?

அப்பா போன பிறகு எங்களை ஆளாக்கியவர் அவர்தான். அவர் மேசன், அண்ணன் அவருக்குக் கையாள். எங்கள் பக்கத்தில் காய்ச்சலுக்கு ஒரே வைத்தியம். கதவைச் சாத்தி, இழுத்துப் போர்த்தி, கொத்தமல்லி அவித்துச் சுடச்சுடக் கொடுத்தால் வேர்த்து விட்டுவிடும். வேர்த்த உடம்போடு பச்சைத்தண்ணீர் குடித்தால் நெஞ்சில் சளி கட்டும் என்பதும் நாங்கள் நடக்கப் பழகும்போதே கற்றுக்கொள்வது. குளிரில் எங்களைக் காப்பாற்றிய பழக்கம் அது. மலையிறங்கும்போது அதை இங்கேயே விட்டுவிட்டுப் போக வேண்டும் என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை.

அன்று மேல்தட்டுக்குக் கொங்கிறீட் போட்டார்கள். தொடங்கினால் நடுவில் நிறுத்த முடியாத வேலை. சித்திரை வெயிலில், உச்சிப் பொழுதிலும் அண்ணன் சட்டி சுமந்தான். தாகம் எடுத்தபோதும் அவித்த தண்ணீர் ஆறட்டும் என்று காத்திருந்தானாம். பிறகு பேச்சு குழறியது. உடம்பு நெருப்பாகச் சுட்டது. "குளுருது சித்தப்பா" என்று நடுங்கினான். சித்தப்பா அவனைத் தகரக் கொட்டகைக்குள் தூக்கிக்கொண்டு போய், கழுத்துவரை போர்த்தி, தலையை மடியில் வைத்துக் கொத்தமல்லி புகட்டினார். பெற்ற தகப்பன்கூட அப்படிப் பார்த்திருக்க மாட்டார். ஆனால் அண்ணனுக்கு வேர்க்கவே இல்லை.

தகவல் கிடைத்து நான் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது, டாக்டர் சித்தப்பாவிடம் சிங்களத்தில் பேசிக்கொண்டிருந்தார். இது காய்ச்சல் இல்லை, வெயில் தாக்கியது, உடுப்பைக் கழற்றி நிழலில் கிடத்தித் தண்ணீர் ஊற்றியிருக்க வேண்டும், போர்த்தியது பெரிய பிழை என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. சித்தப்பாவுக்குச் சிங்களம் நன்றாகப் புரியும். அன்று மட்டும் புரியாமல் இருந்திருக்கலாம். விடியும்வரை அண்ணன் தாங்கவில்லை.

அதன் பிறகு சித்தப்பா மேசன் வேலைக்குப் போகவில்லை. ஆனால் லயத்தில் யார் கட்டட வேலைக்குக் கீழே இறங்கினாலும், அவர்கள் வீட்டு வாசலில் போய் நின்றுவிடுவார். "மத்தியான வெயில்ல நிக்காதீங்க. கொங்கிறீட்டுன்னா விடியறதுக்கு முன்னாடியே ஆரம்பிக்கச் சொல்லுங்க. தாகம் வர்ற வரைக்கும் இருக்காம தண்ணி குடிங்க, பச்சத்தண்ணியா இருந்தாலும் பரவாயில்ல. ஒருத்தன் ஒளற ஆரம்பிச்சா சட்டையக் கழட்டித் தண்ணிய ஊத்துங்க. நான் போத்தித்தான் எம்புள்ளயக் கொன்னேன்."

கடைசி வாக்கியத்தை ஒருநாளும் விட்டதில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வரும். "அதச் சொல்லாம மத்ததச் சொல்லக் கூடாதா?" என்று சண்டை போட்டிருக்கிறேன். "அதச் சொன்னாத்தான் கேக்குறாங்க" என்பார். கேட்பவர்களுக்கு அது புத்திமதி. எனக்கோ ஒவ்வொரு தடவையும் அண்ணன் புதிதாகச் செத்தான்.

இந்த வருஷம் மேல் லயத்து ஆள் ஒருவன், மனைவியோடு வாழைப்பழச் சீப்பு ஒன்றை எடுத்துக்கொண்டு வந்தான். வேலை செய்த இடத்தில் வெயிலில் சுருண்டு விழுந்தவன். "நீங்க சொன்னதத்தான் கூட இருந்தவனுங்க செஞ்சானுங்க மாமா. இல்லாட்டி இவ தாலியறுத்திருப்பா" என்றான். எனக்கு அழுகை வந்துவிட்டது. இனியாவது சித்தப்பா மனம் ஆறும் என்று நினைத்தேன்.

சித்தப்பா அவன் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். "எவ்வளவு தண்ணி ஊத்துனாங்க?"

"ரெண்டு வாளி இருக்கும் மாமா. அப்புறம் ஈரத்துணியப் போட்டு விசிறிக்கிட்டே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனாங்க."

அவர்கள் போன பிறகு அவர் வாசல்படியில் உட்கார்ந்தார். நான் பக்கத்தில் போனதும் நிமிர்ந்து பார்த்தார்.

"ரெண்டு வாளிதானாம்மா? கொட்டகை வாசல்ல பீப்பா நெறையத் தண்ணி இருந்துச்சே. அன்னைக்குக் காலையில நாந்தானே நெரப்பி வச்சேன்."