வளைவில் ஹாரன் அடித்தவள்

பந்தயத் தடத்துக்குக் கார் ஓட்டப் போகிறவர்கள் எல்லோரும் வேகத்துக்கு ஆசைப்பட்டுத்தான் போகிறார்கள் என்று நினைத்திருந்தேன். நான் போனது காரை நிறுத்தக் கற்றுக்கொள்ள.

காரணம் ஒரு மழை நாள். உறவினர் வீட்டு ஞானஸ்நான விருந்து முடிந்து, மகளைப் பின் இருக்கையில் வைத்துக்கொண்டு திரும்பிக்கொண்டிருந்தேன். கனகசெட்டிக்குளம் அருகே, மீன் கூடை கட்டிய மொபெட் ஒன்று சந்திலிருந்து சாலைக்குக் குறுக்கே வந்துவிட்டது. பிரேக்கை மிதித்தேன். பெடல் காலுக்கடியில் கடகடவென்று நடுங்கியது. ஏதோ உடைந்துவிட்டது என்று பயந்து காலை எடுத்துவிட்டேன். கார் மொபெட்டை உரசாமல் தாண்டி, ஓரத்து மணலில் இறங்கி நின்றது. மொபெட்காரர் திரும்பிக்கூடப் பார்க்காமல் போனார். மகள் கைதட்டினாள். நான்தான் மீதி வழி முழுவதும் இரண்டாவது கியரைத் தாண்டாமல் ஓட்டி வந்தேன்.

பெடல் அப்படி நடுங்குவது கோளாறு இல்லை, சக்கரங்கள் பூட்டிக்கொள்ளாமல் இருக்கக் கார் தானே செய்யும் வேலை என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். வீடியோக்களும் பார்த்தேன். மூளைக்குப் புரிந்தது, காலுக்குப் புரியவில்லை. அதன் பிறகு தனியாகக் கடைக்குப் போவேன், வருவேன். மகளை ஏற்றிக்கொண்டு ஓட்டவே இல்லை.

ஆனால் ஜூனில் அவளுக்குப் பள்ளி. எங்கள் வீடு அரியாங்குப்பத்தில், பள்ளி ஆற்றுக்கு அந்தப் பக்கம் பாண்டிச்சேரி டவுனில். சின்ன வகுப்புப் பிள்ளைகளுக்கு வேன் கிடையாது. கணவருக்கு ஊரின் மறுகோடியில் மேட்டுப்பாளையத்துத் தொழிற்சாலையில் வேலை. விடிந்ததும் கிளம்பிவிடுவார். ஆக, நான்தான் கொண்டுபோய் விட வேண்டும். இல்லையென்றால் வேறு பள்ளி பார்க்க வேண்டும்.

நான் வீடியோ பார்ப்பதைப் பல நாள் பார்த்துவிட்டு, ஒரு நாள் கணவர் சொன்னார்: "வீடியோ பாத்தா பிரேக் புடிச்சிடுமா?" அவருடன் வேலை செய்யும் ஒருவர், தினமும் ஓட்டும் சொந்தக் காரையே எடுத்துக்கொண்டு சென்னைப் பக்கம் ஒரு பந்தயத் தடத்துக்குப் போவாராம். பந்தயம் இல்லை, பழகுவதற்கான நாள். பக்கத்தில் ஒரு பயிற்சியாளர் உட்காருவார், எதிரே வண்டி வராது, மாடு வராது. கணவர் இதைப் பாதி கிண்டலாகத்தான் சொன்னார். நான் அன்றைக்கே பெயர் கொடுத்துவிட்டேன். மறுநாளே ஏன் கொடுத்தோம் என்று யோசிக்கத் தொடங்கினேன்.

தடத்தில் ஏதாவது ஆனால் இன்சூரன்ஸ் செல்லாது என்று விதிமுறையில் இருந்தது. அந்த வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். ஒரு தாய் செய்கிற வேலையா இது என்று காலையில் தோன்றும். ஒரு தாய் செய்யாமல் விடலாமா என்று மாலையில் தோன்றும். பிரேக் ஆயில் மாற்ற மெக்கானிக்கிடம் விட்டபோது, நீண்ட பயணமா என்று அவர் கேட்டார். வேளாங்கண்ணி என்று சொல்லிவிட்டேன். மாமியாரிடம் அந்தப் பொய் எடுபடாது, அவரும் கிளம்பிவிடுவார். அதனால் உண்மையைச் சொன்னேன். புளிசாதம் கட்டட்டுமா என்று கேட்டார். கிளம்பும்போது, வெளியூர் போகும் எல்லோருக்கும் சொல்வதுபோல எங்கள் மூன்று பேருக்கும் பிரெஞ்சில் ஒரு "போன் ரூத்", அதாவது பயணம் நல்லபடியாக அமையட்டும் என்று சொல்லி, நெற்றியில் சிலுவை போட்டு அனுப்பினார்.

அங்கே போனதும் முதலில் காரைச் சோதித்தார்கள். வேகமாகத் திரும்பும்போது பறந்து வந்து மேலே படக்கூடிய எதுவும் உள்ளே இருக்கக் கூடாதாம். குழந்தை இருக்கை, குடை, தண்ணீர் பாட்டில், ஒற்றைச் செருப்பு, என்றைக்கோ காணாமல் போய் இருக்கைக்கு அடியில் கிடந்த பொம்மை யானை என்று எங்கள் குடும்பம் முழுவதும் தரையில் கடை பரப்பியதுபோல் கிடந்தது. பக்கத்துக் கார்க்காரர்கள் டயர் காற்றை அளந்துகொண்டிருந்தார்கள், நான் பிஸ்கட் தூளைக் கூட்டிக்கொண்டிருந்தேன். கடைசியில் சோதிப்பவர் டேஷ்போர்டில் இருந்த மாதா சுரூபத்தைக் காட்டினார். மாமியார் அதை இருபக்க டேப் போட்டு ஒட்டியிருந்தார். லேசில் வரவில்லை. அந்த மனிதர் மெதுவாக, மன்னிப்புக் கேட்பதுபோல் நெம்பி எடுத்து, இரண்டு கையாலும் கணவரிடம் கொடுத்தார். கணவர் அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். மாதா தலை மட்டும் வெளியே தெரிந்தது.

பிறகு கொடிகளைப் பற்றி ஒரு வகுப்பு. மஞ்சள் என்றால் எச்சரிக்கை, சிவப்பு என்றால் ஓட்டம் நிறுத்தம், கறுப்புக் கொடியோடு உங்கள் எண்ணைக் காட்டினால் நீங்கள் உடனே உள்ளே வர வேண்டும். வகுப்பில் கேள்வி கேட்டது நான் மட்டும்தான். அதுவும் நிறையக் கேட்டேன்.

என் பயிற்சியாளர் கோயம்புத்தூர்ப் பெண், என்னைவிட வயதில் சிறியவள். ஹெல்மெட் மாட்டிவிட்டு, நேரே பாருங்கள், வளைவுக்குள் நுழைவதற்கு முன்பே வேகத்தைக் குறையுங்கள், அவ்வளவுதான் என்றாள். தடத்துக்குள் நுழைந்தோம். அகலமான, சுத்தமான, ஆளே இல்லாத தார்ச்சாலை. முதல் வளைவு வந்தது. ஹாரன் அடித்தேன். இரண்டாவது வளைவு வந்தது. ஹாரன் அடித்தேன்.

"அக்கா, ஹாரன் எதுக்குங்க?"

வளைவு என்றேன். எங்கள் ஊர் தெருக்கள் நேர்நேராக ஓடி ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளும். எந்த முக்கில் எந்த ஸ்கூட்டர் வரும் என்று தெரியாது. டிரைவிங் ஸ்கூலில் எனக்குச் சொல்லிக்கொடுத்தவர், ஹாரன் அடிக்காமல் திரும்பினால் பாடத்தை மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பார். இதையெல்லாம் விளக்கிக்கொண்டே அடுத்த வளைவிலும் அடித்தேன். அவள் அடிக்காதீர்கள் என்று சொல்வாள், நான் சரி என்பேன், வளைவு வந்ததும் கை தானாகப் போகும். அடுத்த சுற்றில், தொடக்கக் கோட்டருகே ஒருவர் கறுப்புக் கொடியும் என் எண்ணும் காட்டினார்.

உள்ளே வந்து நிறுத்தினேன். ஓர் அதிகாரி ஓடி வந்து, பிரேக் போய்விட்டதா என்று கேட்டார். முன்னால் போன கார்கள் எல்லாம், பின்னால் யாரோ ஆபத்தில் ஹாரன் அடிக்கிறார்கள் என்று ஒதுங்கி வழிவிட்டுக்கொண்டிருந்தனவாம். பயிற்சியாளர் ஹெல்மெட்டுக்குள் முகத்தை மறைத்துக்கொண்டு சிரித்தாள். "பாண்டிச்சேரி வண்டிங்க சார், மூலைக்கு மூலை சொல்லிட்டுத்தான் போவாங்க." அவரும் சிரித்துவிட்டு, மதியம் ஹாரன் இல்லாமல் வரச் சொல்லிவிட்டுப் போனார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. விரட்டவில்லை என்பது ஏமாற்றமாகக்கூட இருந்தது. விரட்டியிருந்தால் நிம்மதியாகப் போயிருக்கலாம். அந்த ஓட்டம் முழுவதிலும் நான் ஒரு தடவைகூடப் பிரேக்கை அழுத்தி மிதிக்கவில்லை என்பது எனக்குத் தெரியும். மரத்தடியில் மகளுக்குப் புளிசாதம் ஊட்டிக்கொண்டிருந்த கணவரிடம் போனேன்.

"போதுங்க. வூட்டுக்குப் போலாம்."

"போலாம்." அவள் வாயைத் துடைத்துவிட்டார். "ஜூன்ல பாப்பாவ யாரு இட்டுனு போறது?"

குத்திக்காட்டவில்லை. உண்மையாகவே கேட்டார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. இலையில் மீதி இருந்த சாதத்தை நானே சாப்பிட்டுவிட்டுத் திரும்பிப் போனேன்.

இந்த முறை காரில் ஏறுவதற்கு முன்பே பயிற்சியாளரிடம் மழை நாளைப் பற்றிச் சொன்னேன். முதலிலேயே சொல்லியிருக்கலாமே என்றாள். நீளமான நேர்ப்பாதையின் முடிவில் தூரம் எழுதிய பலகைகள் இருந்தன. முதல் பலகை வந்ததும், பின்னால் யாரும் இல்லை என்று தான் சொன்னால், முழு பலத்தோடு மிதிக்க வேண்டும் என்றாள். "பெடல் நடுங்குமுங்க. நடுங்கட்டும். காலை மட்டும் எடுத்துறாதீங்க."

முதல் தடவை நான் மிதித்ததை மிதி என்றே சொல்ல முடியாது. கார் மரியாதையாக வேகம் குறைத்தது. "அக்கா, நீங்க பிரேக்குகிட்ட அனுமதி கேக்கறீங்க," என்றாள். அடுத்த சுற்றில் நேர்ப்பாதையில் வேகம் ஏற ஏற, அருள் நிறைந்த மரியே என்று தொடங்கிவிட்டேன். ஹெல்மெட்டுக்குள் என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது. அவளுக்கும் கேட்டிருக்கிறது. ஜெபம் தாராளமாகச் செய்யலாம், கண்ணை மட்டும் மூட வேண்டாம் என்றாள்.

பலகை வந்தது. மிதித்தேன்.

பெல்ட் நெஞ்சை அழுத்தியது. பெடல் நடுங்கியது, அதே கடகட. கால் மேலே வரப் பார்த்தது. வரவிடவில்லை. கார் மூக்கைக் கீழே சாய்த்து, நேர்கோட்டில், எங்கும் இழுக்காமல், நின்றேவிட்டது. வளைவு இன்னும் கொஞ்சம் தள்ளி, யாரும் தொடாமல் இருந்தது. சூடான பிரேக்கின் வாசனை உள்ளே வந்தது. அவள் என்னைப் பார்த்தாள். இன்னொரு தடவை செய்யலாமா என்று நான்தான் கேட்டேன்.

மறுபடி செய்தோம். அதற்கப்புறமும் செய்தோம். ஒவ்வொரு தடவையும் நடுங்கியது, ஒவ்வொரு தடவையும் நின்றது. நடுவே ஒரு பெரிய கறுப்புக் காரை முந்திக்கூடப் போனேன். அதை ஓட்டியவர் டயர் பழுதாகி மெதுவாகப் போய்க்கொண்டிருந்தார் என்று பிறகு தெரிந்தது, பரவாயில்லை.

சாயங்காலம் குழந்தை இருக்கையைத் திரும்பப் பொருத்தினோம். கணவர் பழக்கத்தில் ஓட்டுநர் கதவுப் பக்கம் போனார். சாவியைக் கேட்டேன். கொடுத்துவிட்டு மறுபக்கம் சுற்றி வந்தார். மகளின் பெல்ட்டைப் பார்த்தேன். உட்கார்ந்த பிறகு இறங்கிப் போய் இன்னொரு தடவை பார்த்தேன்.

"அப்பா ஓட்டலயா?" என்றாள் மகள்.

"இல்லடா. அம்மாதான்," என்றேன்.

இடது ஓரமாக, லாரிகள்கூடத் தாண்டிப் போகும் வேகத்தில் ஓட்டினேன். திண்டிவனம் தாண்டி, கிளியனூர் பக்கம் ஒரு நாய் சாலைக்குள் இறங்கியது. மிதித்தேன். பெடல் நடுங்கும் அளவுக்கே போகவில்லை, நாய் சாவகாசமாகக் கடந்து போனது. பின்னாலிருந்து பிஸ்கட் வேண்டும் என்று குரல் வந்தது.

ஜூனில் பள்ளி திறந்த முதல் நாள், ஆற்றுப் பாலத்தில் நெரிசல் இருக்குமோ, மழை வருமோ, நிறுத்த இடம் கிடைக்குமோ என்றெல்லாம் யோசித்து, ரொம்பவே சீக்கிரம் கிளம்பிவிட்டேன். பாலம் காலியாகக் கிடந்தது. போய்ச் சேர்ந்தபோது பள்ளிக் கதவு பூட்டியிருந்தது. வாட்ச்மேன்கூட வந்திருக்கவில்லை. இரண்டு பேரும் காருக்குள்ளேயே உட்கார்ந்து, இடைவேளைக்கு வைத்திருந்த கேக்கைப் பாதிப் பாதியாகத் தின்றோம்.