பேர்னாட்டின் பொலிஸ் கேஸ்

கொட்டாஞ்சேனையில் பேர்னாட் லோயரின் கந்தோர் என்பது அவர் மனைவி டோரினின் முன் ஹோல்தான். காணி உறுதிக்காரர், உயில் எழுத வந்தவர், பஸ் அடித்து நட்டஈடு தேடுபவர் எல்லோரும் அவளுடைய செற்றியைத்தான் தேய்த்தார்கள். விவாகரத்துக்கு வந்தால் பேர்னாட் முதல் நாள் பேனாவையே தொடமாட்டார்.

"இன்னொருக்கா கதைச்சுப் பாருங்கோ" என்று அனுப்பிவிடுவார்.

"அனுப்புங்கோ, அனுப்புங்கோ. நாங்கள் காத்தைக் குடிச்சுச் சீவிப்பம்" என்பாள் டோரின்.

பொலிஸ் கேஸ் மட்டும் அவர் எடுப்பதில்லை. காக்கிச் சட்டையைக் கண்டால் மனிசனுக்கு நாக்கு ஒட்டிவிடும்.

தொண்ணூற்றாறில் ஒரு காலை, வெள்ளவத்தை நாகேஸ்வரி அழுதபடி வந்தாள். விடியப்புறம் பொலிஸ் நடத்திய சுற்றிவளைப்பில் மகன் சிவானந்தனைப் பிடித்துவிட்டார்கள். அவன் கொழும்பில் தங்குவதற்குப் பொலிஸில் பதிந்து முத்திரை குத்திய துண்டு அவள் கையில் இருந்தது. அதைக் காட்டியும் பொலிஸில் ஒருவரும் பார்க்கவில்லை. பின்னேரம் அவனை வேறெங்கோ ஏற்றிக்கொண்டு போகிறார்களாம். ஏற்றினால் எங்கே என்று தேடுவது?

"அக்கா, நான் உறுதி எழுதுற ஆள். கிரிமினல் லோயர் ஒராளைச் சொல்லுறன்" என்றார் பேர்னாட்.

டோரின் அகப்பையோடு வந்தாள். "அந்தாள் வந்து சேரேக்குள்ள பெடியனை ஏத்திப்போடுவாங்கள். கோட்டைப் போடுங்கோ. வாய் வராட்டிச் சும்மா போய்க் குந்துங்கோ. நானும் வாறன்."

பொலிஸ் ஸ்ரேசன் வாங்குப் பலகையில் மூவரும் இருந்தார்கள். பேர்னாட் இரண்டு தரம் எழும்பினார். இரண்டு தரமும் இருமிவிட்டு உட்கார்ந்தார். மேசையிலிருந்த சார்ஜன் கறுத்தக் கோட்டைப் பார்த்துவிட்டுச் சிங்களத்தில் கேட்டார்:

"லோயர் மாத்தயா, அப்பா உயில் எழுதாமச் செத்தா காணி ஆருக்கு?"

பேர்னாட்டின் முகம் வெளித்தது. எத்தனை சகோதரங்கள், அம்மா இருக்கிறாவா, உறுதி ஆருடைய பேரில் என்று கேள்வி மேல் கேள்வி. எழும்பிப் போய் மேசையிலேயே சார்ஜனின் வத்தளைக் காணியைப் படமாய்க் கீறத் தொடங்கிவிட்டார்.

டோரின் பின்னாலே போய் விலாவில் இடித்தாள். "இஞ்சாருங்கோ, பெடியன்!"

"ஓம் ஓம்" என்றவர், அதே குரலில், அதே வேகத்தில் சார்ஜனிடம் திரும்பினார். "அது உங்கட விசயம். இனி என்ர விசயம். இந்தத் துண்டைப் பாருங்கோ. உங்கட முத்திரைதானே? பிறகு ஏன் உள்ள வைச்சிருக்கிறியள்?"

தான் கேட்டதை நினைத்து அவருக்கே வியர்த்தது. சார்ஜன் துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எழும்பி உள்ளே போனார்.

வெகு நேரம் கழித்துச் சிவானந்தன் வெளியே வந்தான். சட்டையில் பொத்தான் இல்லை. நாகேஸ்வரி அவனைக் கட்டிப்பிடித்து ஓவென்று அழுதாள்.

"அழுகையை வீட்டில வைச்சுக்கொள்ளுங்கோ. முதல்ல ஓட்டோவில ஏறுங்கோ" என்றாள் டோரின்.

நாலு பேரும் நெருக்கியடித்து ஏறினார்கள். ஆட்கள் பார்க்கிறார்களே என்றுகூட யோசிக்காமல் டோரின் பேர்னாட்டின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"அன்ரி, பசிக்குது" என்றான் சிவானந்தன்.

"நேத்தைய மீன்குழம்புதான் இருக்கு. மூஞ்சையைச் சுழிக்காமத் தின்னோணும்."