சட்டையைப் பார்த்துப் பேசுகிறவர்

மாடம்பாக்கத்தில் எங்கள் அபார்ட்மெண்டின் கீழ்வீட்டில் அவர் தனியாக இருக்கிறார். எழுபது வயதிருக்கும். யாரோடு பேசினாலும் முகத்தைப் பார்க்க மாட்டார். கறை இருக்கிறதா என்று சட்டையைத்தான் பார்ப்பார். முதலில் எனக்கு எரிச்சலாக இருந்தது. சமையல் சோடா, எலுமிச்சைச் சாறு, பாத்திரம் கழுவும் லிக்விட், இன்னும் ஏதோ ஒன்று, எல்லாம் கலந்து அவரே ஒரு கறைநீக்கி செய்வார்.

என் மகனின் பள்ளிச் சட்டையில் சாம்பார் கொட்டாத வாரம் கிடையாது. கூப்பிட்டால் கிண்ணத்தோடு மேலே வந்துவிடுவார். தடவியதும் மஞ்சள் கறை ரத்தச் சிவப்பாகிவிடும். “பயப்படாதீங்க சார், அலசி வெயில்ல போடுங்க, போயிடும்” என்பார். போய்விடும். சட்டை காயும்வரை காபி குடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

ஒருநாள் சொன்னேன்: “எதை எவ்ளோ கலக்கணும்னு வாட்ஸ்அப் குரூப்ல போட்டுடுங்களேன் சார். உங்களுக்கும் அலைச்சல் மிச்சம்.”

அன்றுதான் என் முகத்தைப் பார்த்தார். “போட்டுட்டா அப்புறம் என்னை யாரு சார் கூப்பிடுவாங்க?”

மகன் இப்போது பொத்தேரியில் ஹாஸ்டலில் இருக்கிறான். வீட்டில் கறையே படுவதில்லை. படிக்கட்டில் எதிர்ப்படும்போதெல்லாம் அவர் என் சட்டையைப் பார்க்கிறார். அது பளிச்சென்று இருக்கிறது. வேறு என்ன சொல்லி அவரை மேலே கூப்பிடுவது என்று எனக்குத் தெரியவில்லை.