சிறுத்தைக்குக் கட்டுப் போட்டவர்

போன ஞாயிற்றுக்கிழமை புத்தூரில் ஒரு சிறுத்தையைக் காட்டி, "எப்படிண்ணா கீது?" என்று கேட்டார் நண்பர் முனிரத்தினம்.

பேப்பரில் வரைந்த சிறுத்தைதான், பயப்படாதீர்கள். நானும் பயப்படவில்லை — அதுதான் சிக்கலே!

முனிரத்தினம் எலும்பு முறிவு வைத்தியர். பகலெல்லாம் கட்டு, சாயங்காலமானால் காட்டு மிருகங்கள். போன வருஷம் சித்தூர் எக்ஸிபிஷனில் இவருடைய மானைப் பார்த்து, "இது மானா, மேசையா?" என்று சிரித்துவிட்டார்கள். இந்தத் தடவையும் சிரித்தால் இனி பிரஷ்ஷையே தொடுவதில்லை என்று சபதம். மறுநாள் படத்தைக் கொடுத்தாக வேண்டும்.

தலை பிரமாதம். கண்ணில் ஈரம்கூடத் தெரிந்தது. கால்கள்? நான்கும் மூங்கில் தப்பை வைத்துக் கட்டினாற்போல விறைப்பாக...

'பாம்பும் சாகணும், தடியும் முறியக்கூடாது' என்பார்கள். நான் பாம்பையும் விட்டேன், தடியையும் விட்டேன். "நல்லா இருக்கு" என்று சொல்லி டீ டம்ளருக்குள் முகத்தை ஒளித்துக்கொண்டேன்.

'நல்லா இருக்கு' என்பது ஒரு கருத்தா? இல்லை ஐயா, ஓட்டம்!

அவருக்குப் புரிந்துவிட்டது. படத்தைச் சுருட்ட ஆரம்பித்தார். அவர் சம்சாரம் கன்னியம்மா எட்டிப் பார்த்தார்.

"இன்னாய்யா, அதுக்குள்ள சுருட்டிக்கினு கீறே?"

"அண்ணனுக்குப் புடிக்கல."

"அண்ணன், இந்த ஊரு தமிழுக்கா தெலுங்குக்கான்னு பாக்க வர்ற எல்லைக் கமிட்டிக்காரங்க மாதிரி. ரெண்டு பக்கமும் தலையாட்டுவாரு. குடு இப்படி."

வாங்கி நிதானமாகப் பார்த்தார். "மூஞ்சி உசுரோட மொறைக்குது. காலைத்தான் கெடுத்துட்டே. வளைஞ்ச காலைக் கண்டா உன் கை சும்மா இருக்காதே!"

"கோணலா போட்டா முறிஞ்ச மாதிரி தெரியுமே..."

"அது உன்னாண்ட வைத்தியத்துக்கா வந்துச்சு? ஆட்டைத் தூக்க வந்துகீது! எலிக்கு முன்னால நம்ம பூனை எப்படிக் குந்திக்கினு கீது, போய்ப் பாரு. தலையைத் தொடாதே. காலை மட்டும் அழி."

கவனித்தீர்களா? கெட்டதைச் சொன்ன கையோடு, எதைத் தொடக்கூடாது என்றும் சொல்லிவிட்டார். எங்கே போய்ப் பார்க்க வேண்டும் என்றும்! வாராவாரம் பத்திரிகையில் ஊருக்கெல்லாம் அபிப்பிராயம் சொல்கிற எனக்கு இதில் ஒன்றாவது வந்ததா?

வைத்தியர் பென்சிலோடு பூனை பின்னால் ஓடினார்.

இரண்டு நாள் கழித்து எக்ஸிபிஷனுக்குப் போனேன். சிறுத்தை முன்னங்காலை மடக்கி, முதுகைத் தாழ்த்தி... ஒரு தெலுங்கம்மா "அம்மோ!" என்று பிள்ளையை இந்தப் பக்கம் இழுத்துக்கொண்டார். பின்னால் வந்த தமிழர் "யம்மாடி!" என்றார். இந்த ஜில்லாவில் இரண்டு பாஷைக்காரர்களும் ஒத்துப்போய் நான் பார்த்தது அன்றைக்குத்தான்!

ஒருத்தரும் சிரிக்கவில்லை. தூண் மறைவில் நின்றிருந்த முனிரத்தினம் என் காதில், "அடுத்தது கரடிண்ணா" என்றார்.

பரிசு மட்டும் ஒரு சுமாரான மயிலுக்குப் போனது. திருத்தணி எங்களுக்கா உங்களுக்கா என்று தமிழ் ராஜ்யமும் தெலுங்கு ராஜ்யமும் இழுத்துக்கொண்டிருக்கும்போது, முருகன் வாகனத்துக்குப் பரிசு இல்லை என்று சொல்ல எந்த ஜட்ஜுக்குத் தைரியம் வரும்?