ஜொய்சனின் துருச் சாஸ்திரம்

நாவற்குடாவில் ஜொய்சனைத் தெரியாதவர்கள் இருக்கலாம். அப்படி ஒருவர் இருப்பதை ஜொய்சன் மட்டும் நம்பமாட்டார். கலியாண வீட்டுக்கும் கோயில் திருவிழாவுக்கும் ஸ்பீக்கர் பெட்டி, லைட், வாத்தியம் எல்லாம் வாடகைக்குக் கொடுப்பது அவருடைய தொழில். அது வயிற்றுக்கு. பெருமைக்கு அவர் வைத்திருந்த வேலை வேறு. யாராவது பழைய எலெக்ட்ரிக் கிற்றார் ஒன்றை வாங்கப்போனால், அதற்குள் யாரும் கைவைத்து எதையும் மாற்றியிருக்கிறார்களா என்று பார்த்துத் தீர்ப்புச் சொல்வார். இதற்கு அவர் கூலி வாங்குவதில்லை. வாங்கியிருந்தால் யாராவது ஒருநாள் அதைத் திருப்பிக் கேட்டுச் சண்டைக்கு வந்திருப்பார்கள், மனுசனுக்குப் புத்தியும் வந்திருக்கும்.

எங்கள் இசைக்குழுவில் நான் கீபோர்ட் வாசிக்கிறேன். சாமான் முழுவதும் அவரிடம்தான் வாடகைக்கு எடுக்கிறோம். ஆகவே அவரை நான் கிட்ட நின்று பார்த்தவன். நான் எழுதுவதைப் பொறாமை என்று அவர் சொல்வார். தாராளமாகச் சொல்லட்டும்.

அவர் கிற்றார் பார்க்கும் விதத்தைச் சொல்கிறேன். மடியில் எடுத்து வைப்பார். வாசிக்கமாட்டார். தந்திக்குக் கீழே இருக்கும் வெள்ளைப் பிளாஸ்டிக் தட்டின் ஓரத்தில் போன் லைட்டை அடித்து, ஸ்குரூ ஆணிகளை ஒவ்வொன்றாக உற்றுப் பார்ப்பார். அந்தத் தட்டுக்கு அடியில்தான் வயர்களும், தந்தியின் அதிர்வைச் சத்தமாக்கித் தரும் பிக்கப்புகளும் இருக்கின்றன. நல்ல கிற்றாரின் விலையில் பாதி அந்தப் பிக்கப்புகளில்தான். அவற்றை மாற்றுவதென்றால் தட்டைக் கழற்ற வேண்டும், ஆணியைக் கழற்றாமல் தட்டைக் கழற்ற முடியாது. ஆணி துருப்பிடித்திருந்தால், "கை வைக்கல்ல, ஒரிஜினல்" என்பார். பளபளவென்று இருந்தால், "திறந்திருக்காங்க, வேணாம்" என்று எழும்பிப் போய்விடுவார். இவ்வளவுதான் அவருடைய சாஸ்திரம்.

இதில் நியாயமே இல்லை என்று நான் சொல்லவில்லை. ஒருபக்கம் கடல், மறுபக்கம் வாவி. இடையில் கிடக்கும் எங்கள் நிலத்தில் கேற்றுக் கொண்டி, சைக்கிள் கம்பி, மின்விசிறி, எதுவும் தப்பாது. ஒரு மழைக்காலம் போய் மறு மழைக்காலம் வருவதற்குள் எல்லாவற்றிலும் செம்மண் நிறம் ஏறிவிடும். இங்கே பல வருடம் கிடந்த கிற்றாரில் ஆணி மின்னினால் சந்தேகப்படத்தான் வேண்டும். ஆனால் சந்தேகம் வேறு, தீர்ப்பு வேறு. பிலிப்பு என்றொரு பாவப்பட்ட மனுசன், துருப்பிடித்த ஆணிகளைக் கழற்றிவிட்டு அழகுக்காகப் புது ஆணி பூட்டியிருந்தான். உள்ளே ஒரு வயரைக்கூட அவன் தொடவில்லை. ஜொய்சன் சொன்ன ஒரு சொல்லோடு அந்தக் கிற்றாரை ஊரில் ஒருவரும் ஏறெடுத்துப் பார்க்கவில்லை. கடைசியில் அதைத் திருகோணமலைக்காரர் ஒருவர் வாங்கிக்கொண்டு போனார். அது இப்போதும் அங்கே மேடையில் முழங்குகிறது.

வீட்டிலும் இதே கூத்துத்தான். மனைவியின் கிரைண்டர் நின்றுபோனபோது அதைத் திறந்து பார்க்க விடவில்லை. திறந்தால் ஒரிஜினல் போய்விடுமாம். அந்த மனிசி இன்றைக்கும் பக்கத்து வீட்டில்தான் சம்பல் அரைக்கிறது.

இந்த மகானிடம்தான் பிரஷாந்தி மாட்டிக்கொண்டாள். தேற்றாத்தீவுப் பிள்ளை. காத்தான்குடியில் ஒரு புடவைக்கடையில் கணக்கு வேலை. வேலை முடிந்ததும் ஸ்கூட்டியில் நேரே நாவற்குடாவுக்கு எங்களிடம் ஒத்திகைக்கு வந்துவிடுவாள். எங்கள் குழுவில் அவளைப்போல் கிற்றார் வாசிக்க ஆளில்லை. ஆனால் சொந்தக் கிற்றார் இல்லை. ஜொய்சனின் வாடகைக் கிற்றார்தான். அதை அவர் கொடுக்கிறபோது கொடுப்பார். மனம் கோணினால், மேடைக்கு ஏறப்போகும் நேரத்தில், "இண்டைக்கு அது வேற இடத்துக்குப் போயிற்று புள்ள" என்று கையை விரிப்பார். அப்படி விரித்த நாட்களில் அவள் மேடைக்குப் பின்னால் கதிரையில் இருந்து எங்கள் பாட்டைக் கேட்டுக்கொண்டிருப்பாள். சிரித்த முகத்தோடு, "அண்ணன், அடுத்த தடவை தருவீங்கதானே" என்று கேட்பாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

சொந்தமாக ஒன்று வாங்கினால் இந்தக் கெஞ்சல் முடியும். அப்போதுதான் அவளுடைய ஊரில் திவாகரனிடம் ஒரு கிற்றார் விலைக்கு இருப்பதாகக் கேள்விப்பட்டாள். பெயர்பெற்ற அமெரிக்கச் சாமான். கையில் காசில்லாததால், ஸ்கூட்டியைக் கொடுத்துக் கிற்றாரை மாற்றிக்கொள்வதாகப் பேச்சு. இனி பஸ்ஸில் தொங்கிக்கொண்டுதான் வேலைக்குப் போகவேண்டும். அதற்கும் அவள் தயார். கிற்றாரில் மட்டும் வில்லங்கம் இருக்கக்கூடாது. அதைப் பார்த்துச் சொல்ல ஜொய்சனைத்தான் கூப்பிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை ஜொய்சன், சாமான் ஏற்றும் தன் வான் வண்டியில் என்னையும் ஏற்றிக்கொண்டு தேற்றாத்தீவுக்குப் போனார். பிரஷாந்தி ஸ்கூட்டியைக் கழுவித் துடைத்து, திவாகரனின் வளவுக்குள் நிறுத்தி வைத்திருந்தாள். திவாகரன் கிற்றாரைக் கொண்டுவந்து ஜொய்சனின் மடியில் வைத்தான். போன் லைட் எரிந்தது. தட்டைச் சுற்றி எல்லா ஆணியும் நல்ல தடித்த துரு. ஜொய்சனின் முகம் மலர்ந்தது. பின்பக்கம் திருப்பினார். கழுத்தைப் பிடித்திருக்கும் பெரிய ஆணிகள் நான்கும் கண்ணாடிபோல் மின்னின.

"இது மட்டும் ஏன் மினுங்குது?" என்று நான் கேட்டேன்.

"அது வெள்ளைக்காரன்ட இரும்பு. துருப்பிடியாது."

"அப்ப முன்னுக்கு இருக்கிறது ஆர்ட இரும்பு?"

"நீ கீபோர்டப் பாரு," என்றார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு தீர்ப்பு. "கை வைக்கல்ல. ஒரிஜினல். கண்ண மூடிக்கொண்டு எடு புள்ள."

பிரஷாந்தி கண்ணை மூடவில்லை. ஆணிகளை விரலால் தடவிப் பார்த்தாள். விரலில் துரு ஒட்டியது.

"அண்ணன், ஒருக்காத் திறந்து பார்ப்பமா?"

"திறக்கிறதா?" ஜொய்சன் கோயிலுக்குள் செருப்போடு வந்தவளைப் பார்ப்பதுபோல் பார்த்தார். "திறந்தா மறுகா நானே இத ஒரிஜினல் எண்டு சொல்ல ஏலாது. விசர்க் கதை கதைக்காத."

அவள் திவாகரனிடம் திரும்பினாள். "இது இஞ்ச எப்ப வந்த?"

"போன மாசம். மாமா சுவிஸ்ல இருந்து வரக்குள்ள கொண்டு வந்தவர்."

"அதுக்கு முதல்?"

"அவர்ட வீட்டதான். வாங்கின நாள்ல இருந்து பெட்டிக்குள்ளயே கிடந்த."

"அங்க பக்கத்தில கடல் இருக்கா?"

"கடலா? அது முழுக்க மலையும் பனியும். கடல் எங்கால?"

"அப்ப இவ்வளவு துரு எங்கால?"

ஜொய்சன் எத்தனை வருடமாக ஆணி பார்க்கிற மனுசன்! துரு இந்த ஊர்க் காற்றில் வருவது என்று எல்லோருக்கும் வகுப்பெடுத்தவர், ஒரு மாதம் மட்டுமே இந்த ஊர்க் காற்றுப் பட்ட கிற்றார் அதற்கு முன் எங்கே கிடந்தது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. துருவைக் கண்டதும் மூளைக்கு லீவு கொடுத்துவிட்டார்.

பிரஷாந்தி தன் பையிலிருந்து ஸ்குரூட்ரைவரை எடுத்தாள். தந்திகளைத் தளர்த்தி, ஆணிகளைக் கழற்றினாள். துருப்பிடித்த ஆணிபோல் இறுகிக் கிடக்காமல் அவை லேசாகச் சுழன்று வந்தன. தட்டைத் தூக்கினாள். உள்ளே வயர்களை ஒட்டியிருந்த ஈயம் நேற்று வைத்ததுபோல் மின்னியது. பிக்கப் மூன்றும் மலிவுச் சாமான், ஒன்றில் பொதியின் ஸ்டிக்கர்கூட உரிக்கப்படவில்லை.

திவாகரன் அப்போதும் தலையைக் குனியவில்லை. எரிச்சலோடுதான் உண்மையைச் சொன்னான். ஒரிஜினல் பிக்கப்புகளைக் கொழும்பில் ஒருவருக்கு விற்றுவிட்டானாம். கழற்றும்போது ஆணித் தலைகளில் கீறல் விழுந்துவிட்டதாம். "ஜொய்சண்ணன் ஆணியத்தான் பார்ப்பார் எண்டு எல்லாருக்கும் தெரியும். ஒரு பழைய உடைஞ்ச கிற்றார்ல இருந்து துருப்பிடிச்ச ஆணியக் கழட்டிப் போட்டன். அவர் வேற ஒண்டையும் பார்க்கமாட்டார்தானே?"

திருடன் என்றாலும் ஜொய்சனைப் பற்றி அவன் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை.

"எனக்கும் அப்பவே ஒரு சந்தேகம் இருந்த," என்றார் ஜொய்சன். அதைக் கேட்டு எனக்குச் சிரிப்பும் வரவில்லை, வெட்கமாக இருந்தது. இந்த ஆளின் சொல்லைக் கேட்டா நாங்கள் இவ்வளவு காலமும் ஆடினோம்!

பிரஷாந்தி தட்டைப் பூட்டி, தந்திகளை முறுக்கி, கிற்றாரைத் திவாகரனின் ஸ்பீக்கர் பெட்டியில் மாட்டி வாசித்துப் பார்த்தாள். கழுத்து நேர், மரம் நல்ல மரம். மலிவுப் பிக்கப் என்றாலும், எங்கள் மேடைக்கு அந்தச் சத்தம் போதும், மிச்சமும் வரும்.

"ஸ்கூட்டி தரமாட்டன்," என்றாள் திவாகரனிடம். "வீட்ட ஒரு தையல் மெசின் கிடக்கு. மிதிக்கிற மெசினுக்கு மோட்டர் பூட்டினது. அதுவும் மாத்தின சாமான்தான். சரிக்குச் சரி."

திவாகரன் முறைத்தான். உள்ளேயிருந்து அவன் மனைவி தக்ஷாயினியின் குரல் வந்தது. "ஓம் எண்டு சொல்லுங்க. இல்லாட்டி நீங்க செஞ்ச வேலைய நானே ஊருக்குச் சொல்லுவன்."

அவன் ஓம் என்றான்.

பிரஷாந்தி மெசினை வீட்டுக்கு வந்து எடுக்கச் சொல்லிவிட்டு, கிற்றாரை முதுகில் மாட்டிக்கொண்டு ஸ்கூட்டியில் ஏறினாள். ஜொய்சன் போய்க் கேற்றடியில் நின்றுகொண்டார். அவருக்கு இப்போதுதான் விசயம் உறைத்திருந்தது.

"மாத்தின கிற்றார மேடைக்குக் கொண்டு வராத புள்ள. எங்கட மரியாதை என்னாகும்? என்ட கிற்றார் இருக்குத்தானே. கேட்டா நான் தாறதானே?"

"உங்கட கிற்றார் வேணும் எண்டுதான் இவ்வளவு நாளும் உங்கள அண்ணன் எண்டு கூப்பிட்ட நான்," என்றாள் பிரஷாந்தி. குரலில் கோபமே இல்லை. "ஜொய்சன், கொஞ்சம் தள்ளி நில்லுங்க. ஸ்கூட்டிய வெளிய எடுக்கணும்."

அவர் தள்ளி நின்றார்.