சந்தியாகு உட்கார்ந்த நாற்காலி

கல்லல் ரயிலடியிலிருந்து இரண்டு மைல் நடந்தால் வரும் அந்தக் குடியிருப்பில் வேதக்காரர்கள் என்கிற கிறிஸ்தவர்கள் பதினோரு வீடுதான். கோயில் கிடையாது. மாதம் ஒருமுறை சாமியார் திருப்பத்தூர்ப் பக்கமிருந்து சைக்கிளில் வந்து பூசை வைத்துவிட்டுப் போவார். மற்ற ஞாயிற்றுக்கிழமைகளில் எல்லோரும் சோணையம்மாள் வீட்டு மாட்டுத் தொழுவத்தில் கூடுவார்கள். சோணையம்மாள் புருஷனை இழந்தவள், பிள்ளை இல்லாதவள். தொழுவத்தைக் கூட்டிப் பாய் விரிப்பாள், செபமாலையைத் தொடங்குவாள், முடிந்ததும் ஆளுக்கொரு கலயம் கேப்பைக் கூழ் ஊற்றுவாள். அவளைத் தலைவி என்று யாரும் சொன்னதில்லை. சொல்ல வேண்டிய தேவையும் வரவில்லை.

அந்தக் கூட்டத்தில் வாசிக்கத் தெரிந்த ஒரே ஆள் கொத்தனார் சந்தியாகு. ஐந்தாவது வரை படித்தவர். சுவிசேஷம் வாசிப்பது அவர் பாடு. அந்த ஒரு காரணத்துக்காகச் சாமியார் அவரைத் தான் இல்லாத நாட்களில் சபையைப் பார்த்துக்கொள்ளும் உபதேசியார் ஆக்கினார். சாகக்கிடக்கும் பிள்ளைக்கு அவசரத்துக்கு எப்படித் தண்ணீர் ஊற்றி ஞானஸ்நானம் கொடுப்பது என்றும் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லிக்கொடுத்தார். தனியாகச் சொன்னதால் அது தனக்கு மட்டுமே உள்ள அதிகாரம் என்று சந்தியாகு எடுத்துக்கொண்டார். அதில் கள்ளம் ஒன்றும் இல்லை. கட்டட வேலையில் மேஸ்திரி ஒருவனைத் தனியாகக் கூப்பிட்டு ஒப்படைத்த காரியத்தில் இன்னொருவன் கை வைக்கக்கூடாது. அந்தப் பழக்கம்தான்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்து மூன்றில் எல்லோரும் சேர்ந்து ஓடு வேய்ந்த சின்னக் கோயில் ஒன்றைக் கட்டி முடித்தார்கள். சந்தியாகு வேலை பார்த்த நேமத்தான்பட்டிச் செட்டியார் வீட்டு ஆச்சி, சாமியார் வந்தால் உட்காரட்டும் என்று பர்மாத் தேக்கில் செய்த கைவைத்த நாற்காலி ஒன்றைக் கொடுத்தனுப்பினார். மாதத்தில் ஒரு நாள் சாமியார் அதில் உட்காருவார். மற்ற நாளெல்லாம் சும்மா கிடந்தது.

பிறகு சந்தியாகுவுக்கு முழங்காலில் கட்டி வந்தது. நின்று வாசிக்க முடியவில்லை. சோணையம்மாள்தான் நாற்காலியை இழுத்துப் போட்டாள். "உக்காந்து வாசி தம்பி. இந்தக் காலை வச்சுக்கிட்டு எம்புட்டு நேரம் நிப்ப?"

உட்கார்ந்தார். கட்டி இரண்டு வாரத்தில் உடைந்து ஆறிவிட்டது. சந்தியாகு எழுந்திருக்கவில்லை.

எழுந்திரு என்று யாரும் சொல்லவும் இல்லை, அதுதான் வினோதம். அவர் உட்காரும்வரை மற்றவர்கள் நிற்க ஆரம்பித்தார்கள். வரப்புத் தகராறு அவரிடம் வந்தது. செபமாலையை அவரே தொடங்கினார். கோயிலுக்குள் கூழ் ஆகாது என்று அதுவும் நின்றுபோயிற்று. சோணையம்மாள் தம்பி என்பதை விட்டுவிட்டு உபதேசியாரே என்றாள். அவர் காதுக்கு அது நன்றாகவே இருந்தது.

அறுபத்தேழில் ஐப்பசி அடைமழை. கண்மாய் நிறைந்து பாதை அடைபட்டு, சந்தியாகு நேமத்தான்பட்டியிலேயே தங்கிவிட்டார். அன்றைக்கென்று அந்தப் பதினோரு வீட்டில் ஒருத்தியான அக்கம்மாளுக்கு ஏழாம் மாதத்திலேயே பிள்ளை பிறந்தது. மூச்சு இழுத்துக்கொண்டிருந்த பிள்ளையின் தலையில் சோணையம்மாள் தண்ணீர் ஊற்றி, சந்தியாகு தண்ணீர் ஊற்றும்போது சொல்லிக் கேட்டிருந்த செபத்தைச் சொன்னாள். கொஞ்ச நேரத்தில் பிள்ளையின் மூச்சு அடங்கிவிட்டது.

மறுநாள் வந்த சந்தியாகுவுக்குக் கோபம் தலைக்கேறியது. எல்லோரையும் கோயிலுக்கு வரச்சொல்லி நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு கேட்டார்.

"ஒனக்கு யாரு குடுத்தா இந்த அதிகாரம்?"

"பிள்ளை போயிக்கிட்டு இருந்துச்சுங்க" என்றாள் சோணையம்மாள்.

அவள் ஊற்றிய தண்ணீர் செல்லாது என்று அவர் தீர்ப்புச் சொன்னார். சாமியார் வந்து சொல்லும்வரை அவள் கோயில் படி மிதிக்கக்கூடாது என்றார். அக்கம்மாள் காலைப் பிடித்து அழுதும் கேட்காமல், ஞானஸ்நானம் பெறாத பிள்ளை என்று அதைக் கல்லறைத் தோட்டத்து முள்வேலிக்கு வெளியே புதைக்க வைத்தார்.

அடுத்த மாதம் சாமியார் வந்தபோது கோயில் ஓடு ஒழுகுவதைப் பற்றிப் பேசினார்கள். சோணையம்மாளைப் பற்றிய பேச்சே வரவில்லை. அதற்குப் பிறகும் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் கோயிலுக்கு எதிர்ப்பக்கத்துப் புளியமரத்தடியில் உட்கார்ந்திருப்பாள். தன்னை நாலு பேர் பார்க்க அவமானப்படுத்தத்தான் வீம்புக்கு அங்கே உட்காருகிறாள் என்று சந்தியாகு நினைத்துக்கொண்டார்.

எழுபத்தொன்றில் உபதேசியார்களுக்குக் காரைக்குடியில் மூன்று நாள் வகுப்பு நடந்தது. பாடம் எடுத்த இளம் குரு ஆதிச் சபையின் கதையைச் சொன்னார். தொடக்கத்தில் கோயிலே இல்லை, வீடுகளில்தான் கூடினார்கள், அதில் சில வீடுகள் பெண்களுடையவை. பந்தி பரிமாறவும் விதவைகளைக் கவனிக்கவும் சிலரை நியமித்தார்கள். ஊருக்கு ஊர் மூப்பர்கள் வந்தார்கள். நூறு, நூற்றைம்பது வருஷத்தில் அவர்களில் ஒருவர் மற்றவர்களுக்கு மேலே போய் பிஷப் என்கிற மேற்றிராணியார் ஆனார். அவருக்கென்று நாற்காலி வந்தது. அரசர்கள் வேதத்துக்கு வந்த பிறகு அந்த நாற்காலி இன்னும் உயர்ந்தது. மேற்றிராணியாரின் பெரிய கோயிலுக்கு வெள்ளைக்காரர்கள் வைத்திருக்கும் கதீட்ரல் என்ற பெயரே அந்த நாற்காலியால் வந்ததுதானாம். சந்தியாகு தலை குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார். அவர் காதுக்கு அது எங்கோ நடந்த கதையாகப் படவில்லை.

கடைசி நாள் ஞானஸ்நானப் பாடம். சாகும் ஆபத்தில் யார் வேண்டுமானாலும் கொடுக்கலாம் என்றார் குரு.

"பொம்பளை குடுத்தாலுமா சாமி?"

"யார் குடுத்தாலும் செல்லும். சபை குடுக்கிற மாதிரிக் குடுக்கணும்கிற எண்ணம் இருந்தாப் போதும்."

ஊருக்கு வந்த சந்தியாகு வீட்டுக்குப் போகவில்லை. வழியில் ஓர் அரிவாளை இரவல் வாங்கி நேராகக் கல்லறைத் தோட்டத்துக்குப் போய், வேலியைப் பிரித்து, அந்தச் சின்ன மேட்டைத் தாண்டி மறுபடி அடைத்தார். முள் கிழித்த கையோடு சோணையம்மாள் வீட்டுக்குப் போய்த் தொழுவத்துத் தரையில் உட்கார்ந்தார். அவரைப் பார்த்ததும் அவள் எழுந்து நின்றாள்.

"அக்கா, நீ ஊத்துன தண்ணி செல்லும். நான்தான் பாவம் பண்ணிட்டேன். பிள்ளை இப்ப வேலிக்கு உள்ள இருக்கு."

அவள் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். உட்காரு அக்கா என்று அவர் எவ்வளவோ கெஞ்சினார். உபதேசியார் தரையில் இருக்கும்போது தான் எப்படி உட்காருவது என்று அவள் அவருக்குப் போடப் பலகையைத் தேடினாள். பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"அப்ப சாமியாரு சொல்லிட்டாகளா? நான் கோயிலுக்குள்ள வரலாமுங்களா?"

தான் போட்ட உத்தரவைச் சந்தியாகு மறந்தே போயிருந்தார். நாலு வருஷமாக அவள் வீம்பு பிடிக்கவில்லை. அவர் சொன்னதற்குக் கட்டுப்பட்டு வெளியே உட்கார்ந்திருந்தாள்.

உனக்கு யார் உத்தரவும் வேண்டியதில்லை என்று சொல்ல வாயெடுத்தார். அப்படிச் சொன்னால், உத்தரவு இல்லை என்று அவள் வரமாட்டாள் என்பது முகத்தைப் பார்த்ததும் தெரிந்தது. எழுந்து நின்று, நாற்காலியில் உட்கார்ந்து பேசும் அதே குரலில் சொன்னார்.

"வரலாம்."

சோணையம்மாள் கைகூப்பிக் கும்பிட்டாள்.